குற்றம் அவருடையது, சூடு யாருடையது?

இம்முறை வந்த கடிதங்களில் பல, அடுத்தவரை எடைபோடும் பழக்கத்தைப் பற்றியே கேட்டிருந்தன. அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பிரதோஷத்துக்குத் தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். நந்திக்கு அபிஷேகம் நடக்கும்போது கண் அங்கே இருக்கிறது, மனசு இல்லை. ‘இந்தம்மா ஏன் இப்படி இடிச்சுக்கிட்டு முன்னாடி போறாங்க’, ‘கோயிலுக்குக் கட்டிக்கிட்டு வர்ற துணியா இது’, ‘போனைத் தூக்கிப் பிடிச்சு மறைக்கிறானே’ என்றே ஓடுகிறது. வீட்டுக்கு வந்த பிறகு குற்ற உணர்ச்சி. இந்த எண்ணமே வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வராமல் இருக்கச் செய்ய முடியாது. அடக்கினால் கூடத்தான் செய்யும். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களிடம் ‘ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள்’ என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம், பிறகு ‘இப்போது தாராளமாக நினைக்கலாம்’ என்று விட்டபோது, முதலில் அடக்கி வைத்தவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகமாகக் கரடியை நினைத்தார்கள். ‘யாரையும் குறை நினைக்கக் கூடாது’ என்ற சங்கல்பத்தோடு கோயிலுக்குள் நுழைகிறவருக்கும் இதே கதிதான்.

எண்ணம் வந்த பிறகு அது எங்கே போகிறது என்பதில்தான் நமக்கு வேலை. 6-ஆம் நூற்றாண்டில் காஸா பகுதி மடத்தில் இருந்த துறவி தோரோத்தேயு இதை மூன்று படிகளாகப் பிரித்தார். ‘அவன் பொய் சொன்னான்’ என்பது முதல் படி. ‘அவன் பொய்யன்’ என்பது இரண்டாவது. இதில் ஒரு செயலைப் பற்றிப் பேச ஆரம்பித்து, அந்த ஆளின் முழு வாழ்க்கைக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மூன்றாவது, அருவருப்பு, அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் போவது. உங்கள் பிரதோஷக் கூட்டத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ‘இடித்துக்கொண்டு போனார்’ என்பது நடந்த விஷயம். ‘நாகரிகம் தெரியாதவர்’ என்பது தீர்ப்பு. ‘இதுங்களை எல்லாம் உள்ளே விடறதே தப்பு’ என்பது மூன்றாம் படி. முதலிலிருந்து மூன்றாவதற்குப் போக மூன்று விநாடிகூட ஆகாது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மனசுக்குள் ஒரே ஒரு முறை ‘எடைபோடுகிறேன்’ என்று பெயர் சொல்லுங்கள். பிறகு வாக்கியத்தை இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு இறக்குங்கள்: ‘நாகரிகம் தெரியாதவர்’ என்பது ‘என்னை இடித்துக்கொண்டு முன்னால் போனார்’ என்று ஆகட்டும். உடனே காதை அங்கே ஓதும் ருத்ர மந்திரத்தின் ஒலிக்குத் திருப்புங்கள். காதைத் திருப்புவது கண்ணைத் திருப்புவதைவிட எளிது, கூட்டத்தில் கண்ணுக்கு வேறு தீனி கிடைத்துக்கொண்டே இருக்கும். அவரை மன்னிக்கவோ வாழ்த்தவோ அங்கேயே முயலாதீர்கள். சூடு ஆறுவதற்குள் சொல்லும் வாழ்த்து உதட்டோடு நின்றுவிடும்.

பலர் வழுக்குவது அடுத்த இடத்தில். ‘சாமி முன்னாடி நின்னுக்கிட்டு இப்படி நினைக்கிறேனே, நான் எவ்வளவு மட்டமானவள்’ என்று ஆரம்பிப்பார்கள். இதுவும் அதே இரண்டாம் படிதான். குற்றவாளிக் கூண்டில் ஆள் மாறியிருக்கிறார், அவ்வளவே. ஒரு அபிஷேகத்துக்குள் இருபது முறை எண்ணம் வந்து இருபது முறை காதைத் திருப்பினால், அன்றைக்கு இருபது முறை பயிற்சி நடந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் மனசில் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். இடித்தவர், போன் பிடித்தவர், உடை என்று மூன்று குற்றங்கள் சொன்னீர்கள். எது அதிகமாகச் சுட்டது? ஏன் அது?

கேள்வி: தினமும் இரவு டைரி எழுதினால் மனம் தெளியும் என்றார்கள். அண்ணன் மேல் எனக்கிருக்கும் வருத்தத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். தெளிவதாகத் தெரியவில்லை, கோபம் கூடுகிறது. தூக்கமும் போகிறது. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் என் தலையில். எங்கே தப்பு செய்கிறேன்?
– வாசகர், கோவை

பதில்: நீங்கள் எழுதுவது குற்றப்பத்திரிகை. இரவு பதினோரு மணிக்கு, களைத்த உடம்போடு, கேட்க எதிர்த்தரப்பு இல்லாமல், ஒரே வழக்கைத் தினமும் வாதாடினால் வழக்கு பலப்படத்தான் செய்யும். எழுதுவதை நிறுத்த வேண்டாம், முறையை மாற்றுங்கள்.

நேரம்: மாலையில், சாப்பாட்டுக்கு முன். படுக்கையில் கூடாது. அளவு: பத்து நிமிடம், போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் மட்டும், அதுவும் அன்றைய சம்பவம். ‘2014-இல் வீடு கட்டும்போதே இப்படித்தான்’ என்று எழுத ஆரம்பித்தால் பேனாவை மூடிவிடுங்கள். ஆறு வரிகள் போதும். உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொண்டால் இப்படி வரலாம்:

நடந்தது: அண்ணன் மாலை ஆஸ்பத்திரிக்கு வந்தார். கால் மணி நேரம் உட்கார்ந்தார். பில்லைப் பற்றிக் கேட்கவில்லை.
தீர்ப்பு: சுத்த சுயநலம். பெத்தவங்க மேல பாசமே கிடையாது.
சூடு: பத்துக்கு எட்டு. தாடை இறுகியது, காது சூடானது.
வேறு காரணம் இருக்க முடியுமா: கையில் பணமில்லாமல் கேட்கக் கூசியிருக்கலாம். அப்பாவை அந்தக் கோலத்தில் பார்க்க முடியாமல் எழுந்து போயிருக்கலாம்.
எனக்கு வேண்டியிருந்தது: பாதிப் பணம். ‘நீ ஒருத்தனாக் கிடந்து அலையறியேடா’ என்று ஒரு வார்த்தை.
நான் செய்யப்போவது: பில்லை அனுப்பி, இவ்வளவு தர முடியுமா என்று வாய்விட்டுக் கேட்பது.

முதல் வரியில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். அங்கே கேமராவில் பதிவாகக்கூடியது மட்டும் வர வேண்டும். ‘அலட்சியமாக வந்தார்’ என்று எழுதினால் தீர்ப்பு முதல் வரிக்குள்ளேயே புகுந்துவிட்டது. அலட்சியத்தைக் கேமரா படம் பிடிக்காது. ‘எப்பவும்’, ‘ஒரு தடவைகூட’, ‘வேண்டுமென்றே’ ஆகிய சொற்கள் முதல் வரியில் தென்பட்டால் அடித்துவிடுங்கள். இரண்டாவது வரிக்கு இந்தத் தணிக்கை வேண்டாம். வாயில் என்ன வருமோ அதையே எழுதுங்கள். அங்கே கண்ணியம் காத்தால் நம்மையே ஏமாற்றுகிறோம்.

நான்காவது வரியைப் பலர் ‘அவருக்கு வக்காலத்தா?’ என்று தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள். பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் ஜான் டார்லி, டேனியல் பாட்சன் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஒரு சோதனை நடத்தி 1973-இல் வெளியிட்டார்கள். பாதிரியாராகப் படிக்கும் மாணவர்கள் 40 பேர், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேசப் போகிறார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமுகிறார். நேரம் நிறைய இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ‘நேரமாகிவிட்டது, ஓடு’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். அவர்களில் பாதிப் பேர் பேசப் போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை! தாண்டிப் போனவரைப் பார்த்தால் நாம் ‘கல் நெஞ்சம்’ என்போம். அன்றைக்கு அங்கே வேலை செய்தது கடிகாரம்.

வால்மீகி ராமாயணம் யுத்த காண்டத்தில், ராவணன் இறந்த செய்தியோடு வரும் அனுமன், சீதையை வதைத்த அரக்கியரைக் கொல்ல அனுமதி கேட்கிறான். சீதை மறுக்கிறாள். அவள் முதலில் சொல்லும் காரணம் பெருந்தன்மை பற்றியது அல்ல: ‘இவர்கள் அரசன் சொன்னதைச் செய்த வேலைக்காரிகள்’ என்கிறாள். தப்பே செய்யாதவர் யாருமில்லை என்ற புகழ்பெற்ற வாக்கு அதன் பிறகுதான் வருகிறது. இந்த வரிசையைக் கவனியுங்கள். மன்னிப்புக்கு முன்னால் சூழ்நிலை விசாரணை.

இனி உங்கள் ஐந்தாவது வரிக்கு வருவோம். அந்த எட்டு மதிப்பெண் சூடு பணத்தால் மட்டும் வந்ததா? ‘அலையறியேடா’ என்ற வார்த்தை கிடைத்திருந்தால் எத்தனைக்கு இறங்கியிருக்கும்? ஐந்துக்கு இறங்கியிருக்கும் என்றால், இறங்கிய அந்த மூன்று அண்ணனின் கஞ்சத்தனத்தைப் பற்றியதல்ல. ‘நான் செய்கிறேன், யாராவது பார்க்க வேண்டும்’ என்ற தாகம் அது. ‘நான் செய்பவன்’ என்ற எண்ணத்தைப் பற்றிக் கீதை எச்சரிப்பது இங்கேதான். அப்பாவுக்குச் செய்வது சேவை என்று நினைத்திருந்தோம், கூடவே ஒரு கணக்குப் புத்தகமும் ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிய வருகிறது. அண்ணன் மேல் வந்த கோபம் இல்லாவிட்டால் அந்தப் புத்தகம் கண்ணில் பட்டிருக்குமா?

இதற்காக அண்ணனை விட்டுவிட வேண்டும் என்று பொருளில்லை. ஆறாவது வரி அதற்காகவே இருக்கிறது. கேளுங்கள். நேரடியாகக் கேட்டும் மறுத்தால், அது முதல் வரியில் எழுதத் தகுந்த உண்மை. இப்போதைக்கு அவர் மறுக்கவே இல்லை, நீங்கள் கேட்கவுமில்லை.

எழுதப் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு முறை. கத்தோலிக்கப் புனிதர் இஞ்ஞாசியாரின் ‘ஆன்மப் பயிற்சிகள்’ நூலில், 1548-இல் அச்சானது, ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு பழகும் முறை இருக்கிறது. காலையில் எழுந்ததும் இன்றைக்கு இதில் கவனம் என்று நினைத்துக்கொள்வது. குறை தலைகாட்டும்போதெல்லாம் கையை மார்பில் வைப்பது, கூட்டத்தில் செய்தாலும் யாருக்கும் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை எண்ணிப் பார்த்து ஒரு கோட்டின் மேல் புள்ளி வைப்பது. காலைப் புள்ளிகளை மாலைப் புள்ளிகளோடும், இந்த வாரத்தை அடுத்த வாரத்தோடும் ஒப்பிடுவது. ஆரம்பத்தில் எண்ணிக்கை கூடும். பழக்கம் மோசமாகிவிட்டது என்று பயந்து விட்டுவிடாதீர்கள். முன்பு கண்ணில் படாதவை இப்போது படுகின்றன.

கேள்வி: ‘பிறரிடம் நீ காணும் குற்றம் உன்னிடம் இருப்பதே, உலகம் உன் கண்ணாடி’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. என் கணவர் குடித்துவிட்டு வந்து கை நீட்டுகிறார். அதுவும் என் கண்ணாடியா?
– பெயர் வேண்டாம், சேலம் மாவட்டம்

பதில்: இல்லை அம்மா. கை நீட்டுவது குற்றம். அதைக் குற்றம் என்று நீங்கள் சொல்வது எடைபோடுதல் ஆகாது. முதலில் பாதுகாப்பு, மற்றதெல்லாம் பிறகு. பெண்களுக்கான 181 உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் வீட்டிலேயே தொடர்ந்து இருக்கவும், அவர் உங்களை நெருங்காதிருக்கவும் நீதிமன்றத்தில் உத்தரவு கேட்க முடியும். மாவட்டத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். இப்போதைக்கு எந்த டைரியும் தியானமும் உங்களுக்குத் தேவையில்லை. ‘பொறுத்துப் போ, இதுவும் ஆன்மிக சாதனைதான்’ என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

மற்ற வாசகர்களுக்காக அந்தக் கண்ணாடி விஷயத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். வாட்ஸ்அப் தத்துவத்துக்கு ஒரு வசதி உண்டு, விதிவிலக்கு எழுத இடமிருக்காது. பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 15-வது சூத்திரத்தில் புத்தரின் சீடர் மொக்கல்லானர் இதே கண்ணாடியைக் கையில் எடுக்கிறார், ஆனால் எவ்வளவு கவனமாக! ‘தன்னைப் புகழ்ந்து பிறரை இகழ்கிறவரை எனக்குப் பிடிக்கவில்லை. நானும் அப்படி இருந்தால் பிறருக்கு என்னைப் பிடிக்காது’ என்று பிக்கு முதலில் நினைக்க வேண்டும். பிறகு ‘என்னிடம் அது இருக்கிறதா?’ என்று சோதிக்க வேண்டும். கோபம், பொறாமை, பிடிவாதம் என்று இப்படிப் பதினாறு குணங்கள். இருக்கிறது என்று தெரிந்தால் நீக்க முயல வேண்டும். இல்லை என்று தெரிந்தால்? மகிழ்ச்சியோடு மேலே பயிற்சியைத் தொடரலாம். கண்ணாடியில் முகம் பார்க்கிறவர், அழுக்கு இருந்தால் துடைக்கிறார், இல்லாவிட்டால் சந்தோஷப்படுகிறார். ‘இல்லை’ என்ற விடைக்கும் அங்கே இடமிருக்கிறது. கண்ணாடி ஒரு சோதனைக் கருவி. அதை முன்கூட்டியே எழுதி வைத்த தீர்ப்பாக ஆக்கியதுதான் அந்தச் செய்தியின் கோளாறு.

அப்படியானால் சூடு எங்கிருந்து வருகிறது? சாதாரணமாக நான்கு இடங்கள். ஒன்று, அதே குறை நம்மிடம் இருப்பது; சுருக்கமாகப் பேசத் தெரியாதவருக்கு இன்னொரு வளவள ஆசாமியைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். இரண்டு, நமக்கு நாமே மறுத்துக்கொண்டதை அவர் அனுபவிப்பது. இது கண்டுபிடிக்கக் கடினம், ஏனென்றால் ஒழுக்கம் என்ற வேஷத்தில் வரும். கும்பகோணத்து வாசகிக்குச் சொல்கிறோம், உடையைப் பற்றிய சூடு சில சமயம் இந்த வகை. ‘எங்க காலத்துல இப்படி உடுத்த விட்டாங்களா’ என்ற பெருமூச்சு அதன் அடியில் இருக்கக்கூடும். மூன்று, பழைய காயம்: கட்டி இருக்கும் இடத்தில் சும்மா கை பட்டாலும் துடிப்போம், பட்டவர் அடித்துவிட்டதாகவே தோன்றும். நான்கு, ஒரு நியாயம் உண்மையிலேயே மீறப்பட்டிருப்பது. நான்காவதற்கு உள்முக ஆராய்ச்சி தேவையில்லை, வெளியில் நடவடிக்கை தேவை. சேலத்திலிருந்து எழுதிய அம்மா, உங்கள் கணவர் விஷயம் அந்த நான்காவது.

கேள்வி: ‘மன அமைதி வேண்டுமென்றால் பிறர் குற்றம் பார்க்காதே’ என்று அன்னை சாரதா தேவி தம் கடைசி நாட்களில் சொன்னார். நான் பள்ளித் தலைமையாசிரியை. குற்றம் பார்ப்பதற்குத்தான் சம்பளமே வாங்குகிறேன். என்ன செய்ய?
– வாசகி, மன்னார்குடி

பதில்: 1920 ஜூலையில், மறைவதற்குச் சில நாட்கள் முன்பு, அழுதுகொண்டு நின்ற ஒரு பக்தைக்கு அன்னை சொன்னது அது. உங்கள் குற்றத்தைப் பாருங்கள், யாரும் அந்நியரில்லை என்றும் சேர்த்தே சொன்னார். மன அமைதி தேடிய ஒருவருக்குச் சொன்னதை மேற்பார்வைப் பொறுப்புக்கான விதியாக்க வேண்டியதில்லை. வள்ளுவர் புறங்கூறாமையில் ‘ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம்’ பார்க்கச் சொல்கிறார். அவரே தெரிந்து தெளிதலில் ‘குணம்நாடிக் குற்றமும் நாடி’ எடைபோடச் சொல்கிறார். வேலைக்கு ஆளெடுக்கும் இடத்தில் தராசைக் கீழே வைக்க அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குறளிலும் முதலில் நாட வேண்டியது குணம்.

நடைமுறைக்கு வருவோம். ஒரு பிக்கு இன்னொரு பிக்குவின் குற்றத்தை எடுத்துச் சொல்லும் முன் ஐந்தைச் சரிபார்க்க வேண்டும் என்பது பௌத்த மரபு: தகுந்த நேரமா, உண்மையா, மென்மையாகச் சொல்கிறேனா, அவருக்குப் பயன் உண்டா, உள்ளத்தில் அன்பு இருக்கிறதா. முதல் நான்கும் ஓரளவு கைவசப்படும். ஐந்தாவது சிக்கல். அன்பு இருக்கிறதா என்று நம்மை நாமே கேட்டால் ‘இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள்: நான் சொல்லப்போவது தப்பு என்று அவர் நிரூபித்துவிட்டால் எனக்கு நிம்மதியா, ஏமாற்றமா? ஏமாற்றம் என்றால் இன்றைக்குக் கூப்பிடாதீர்கள்.

தாமதமாக வரும் ஆசிரியையைக் கண்டிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காலை 9.20-க்கு அவர் மூச்சு வாங்க உள்ளே நுழையும்போது, வகுப்புக் குழந்தைகள் முன்னிலையில் சொன்னால் நேரம், மென்மை இரண்டும் போச்சு. பிற்பகலில், உங்கள் அறையில், தனியாக. வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு: ‘இந்த மாசம் நாலு நாள் 9.15-க்கு மேல கையெழுத்து இருக்கு. என்ன பிரச்சினை டீச்சர்?’ அதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்த மௌனம்தான் தலைமையாசிரியர்களுக்கு வராது. கேள்வி கேட்டு, பதிலையும் தாமே சொல்லி, அறிவுரையையும் முடித்து அனுப்பிவிடுவார்கள். காரணத்தைக் கேட்ட பிறகு என்ன மாற வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பதைச் சொல்லுங்கள். பழைய விஷயம் எதையும் சேர்க்காதீர்கள். ஒரு சந்திப்புக்கு ஒரு குறை. மெமோ கொடுக்க வேண்டியிருந்தால் தாராளமாகக் கொடுங்கள். சூடு இல்லாமலும் மெமோ எழுத முடியும், சொல்லப்போனால் அப்போதுதான் ஒழுங்காக எழுத வரும்.

பதஞ்சலி யோக சூத்திரம் 1.33-இல் சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லது செய்பவரிடம் மகிழ்ச்சி, தீயது செய்பவரிடம் உபேட்சை (சமநிலை) என்று நான்கு மனநிலைகளைச் சொல்கிறார். அந்த உபேட்சையைக் ‘கண்டுகொள்ளாமல் விடு’ என்று எடுத்துக்கொண்டு கடமையிலிருந்து நழுவுகிறவர்கள் உண்டு. சூத்திரம் முடிவது சித்தம் தெளிவதைப் பற்றி. தெளிந்த சித்தத்தோடு பதிவேட்டைப் பார்க்க அது தடை சொல்லவில்லை.

கேள்வி: கீபத் (புறம் பேசுதல்) கூடாது என்று தெரியும். ஆனால் ஒரு வீட்டுக்குப் பெண் கேட்டு வருகிறார்கள், பையனைப் பற்றி எங்களிடம் விசாரிக்கிறார்கள். அவன் கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்காதவன். சொன்னால் புறம் பேசியதாகுமா?
– வாசகர், காயல்பட்டினம்

பதில்: ஆகாது. 13-ஆம் நூற்றாண்டு அறிஞர் இமாம் நவவி, எதிரில் இல்லாதவரின் குறையைப் பேச அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களைத் தொகுத்திருக்கிறார்: அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவது, தீமையைத் தடுக்க உதவி தேடுவது, மார்க்கத் தீர்ப்புக் கேட்பது, பிறரை எச்சரிப்பது, வெளிப்படையாகப் பாவம் செய்பவரின் அந்தச் செயலை மட்டும் சொல்வது, அடையாளத்துக்காகப் பட்டப் பெயரால் குறிப்பிடுவது. திருமண விசாரிப்பு நான்காவதில் அடங்கும்.

ஆனால் அளவு முக்கியம். கேட்டவரிடம் மட்டும், உங்களுக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டும், அந்தத் திருமணத்துக்குத் தேவையான அளவு மட்டும். ‘அவனிடம் கடன் கொடுத்தவர்களை விசாரித்துக்கொள்ளுங்கள்’ என்பதே போதுமென்றால் அதோடு நிறுத்தலாம். ‘அவங்க வாப்பாவும் அப்படித்தான்’ என்று தொடங்கினால் எச்சரிக்கை முடிந்து, அல்குர்ஆன் 49:12 இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிடும் காரியம் தொடங்கிவிட்டது. அதே வசனம் புறம் பேசுவதற்கு முன்னால் வீண் சந்தேகத்தையும் துருவித் துருவி ஆராய்வதையும் தடுக்கிறது. பேச்சு முதலில் நினைப்பாகத்தான் ஆரம்பிக்கிறது.

கேள்வி: அப்பர் ‘குலம்பொல்லேன் குணம்பொல்லேன்’ என்று தன்னையே இகழ்ந்து பாடுகிறார். மாணிக்கவாசகர் தன்னை நாய் என்கிறார். நானும் பிறரை விட்டுவிட்டு என்னையே திட்டிக்கொள்ளப் பழகுகிறேன். சரிதானே?
– வாசகர், சிதம்பரம்

பதில்: அவர்கள் இறைவன் முன்னால் நின்று, அவன் அருளை நம்பிப் பாடினார்கள். பாடி முடித்ததும் அப்பர் உழவாரத்தை எடுத்துக்கொண்டு கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கப் போனார். உங்கள் திட்டு எப்படி என்று பார்க்க ஒரே சோதனை: திட்டி முடித்ததும் உங்களால் எழுந்து ஒரு வேலை செய்ய முடிகிறதா? சுருண்டு படுத்துக்கொள்ளத் தோன்றினால் அதைப் பக்தியில் சேர்க்க முடியாது. ரமணர் ‘நான் யார்?’ நூலில், நல்ல மனம் கெட்ட மனம் என்று இரண்டு மனங்கள் இல்லை, வாசனைகள் (மனதில் படிந்த பழைய பதிவுகள்) தான் இரு விதம் என்கிறார். பிறர் எவ்வளவு கெட்டவராய்த் தோன்றினாலும் வெறுக்கலாகாது என்றும் சொல்கிறார். அந்தச் சலுகை உங்களுக்கும் உண்டு. தொடர்ந்து பல வாரமாகத் தூக்கமும் பசியும் கெட்டு, வாழவே பிடிக்காத எண்ணம் வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ‘டெலிமானஸ்’ என்ற மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம்.

கேள்வி: ஏழு வயது மகள், கூடப் படிக்கும் பிள்ளைகளை ‘அவ பேட் கேர்ள்’, ‘அவன் அழுமூஞ்சி’ என்று முத்திரை குத்துகிறாள். எப்படித் திருத்துவது?
– வாசகி, ஓசூர்

பதில்: ‘அப்படிச் சொல்லக் கூடாது’ என்று தடுத்தால் உங்கள் முன்னால் மட்டும் சொல்ல மாட்டாள். ‘அவ என்ன செஞ்சா?’ என்று கேளுங்கள். ‘என் பென்சிலைப் புடுங்கிட்டா.’ ‘ஓ, பென்சிலைப் புடுங்கிட்டாளா. அப்புறம் நீ என்ன செஞ்சே?’ முத்திரை தானாகவே சம்பவமாக இறங்கிவிடும். கும்பகோணத்து வாசகி கோயிலில் செய்ய வேண்டியதும் இதுதான். குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

கூடவே, ராத்திரிச் சாப்பாட்டின்போது மேலதிகாரியையும் மாமியாரையும் பற்றி வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்பதை ஒரு வாரம் கவனியுங்கள். அவள் தட்டும் அங்கேதான் இருக்கிறது.